ஊரடங்குல புள்ள யார்கிட்ட இருக்கணும்? வந்த கேள்விகளும் என் பதிலும்

2020 ஜூன் 24லேருந்து கொரோனாவுக்காக மதுரைய மறுபடி பூட்டுனாங்க, அன்னைக்கிலேருந்து இதே கேள்விங்கதான் வந்துச்சு. ஒரு வக்கீலா எனக்குத் தெரிஞ்சத அப்ப சொன்னேன், அந்தப் பதிலுங்கதான் இது.

திருமங்கலத்துல இருக்கேன், மக அவ அம்மாகூட அண்ணாநகர்ல. ஞாயிறு பாக்கலாம்னு கோர்ட் ஆர்டர் இருக்கு, கொரோனானு சொல்லி காட்ட மாட்டேங்குறா. கேஸ் போடவா?

அண்ணே, இந்த வாரம் வேணாம். மாநகராட்சி எல்லைக்குள்ள முழு ஊரடங்கு, வழியில போலீஸ் நிப்பாட்டுனா ஆர்டர் காப்பிய நீட்டி வாதாடிக்கிட்டு இருக்க முடியாது. நேர்ல பாக்க முடியலைனா ரெண்டு பேரும் பேசி வீடியோ கால் வச்சுக்கலாம்னு 2020 ஏப்ரல் 30ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. வாட்ஸப்புல எழுதியே கேளுங்க, "ஞாயிறு 5 மணிக்கு கூப்பிடுறேன், விட்டுப்போன நாளுக்கெல்லாம் பின்னாடி ஈடா நாள் வேணும்"னு, இம்புட்டுதான், கூட ஒரு திட்டு இருக்கக் கூடாது, ஏன்னா நாளைக்கு ஜட்ஜ் முன்னாடி போறது அந்த ஸ்க்ரீன்ஷாட்தான். போனையும் எடுக்கலைனா அப்ப மனு போடுவோம்.

பிரிஞ்சிருக்குற என் வீட்டுக்காரரு பெரியாஸ்பத்திரில நர்ஸு, கொரோனா வார்டு டூட்டி. பையன அவருகிட்ட அனுப்பலாமா?

டூட்டி நாள்லயும் அதுக்கப்புறம் அவரு தனியா இருக்குற நாள்லயும் வேணாம் மேடம், அவரே வேணாம்னுதான் சொல்லுவாரு. ஆனா அந்த வேலையவே சாக்கா வச்சு மொத்தமா நிறுத்துனீங்கன்னா கோர்ட்ல நிக்காது. டூட்டி அட்டவணைய வாங்கி நாள மாத்திக்கோங்க. புள்ளைய பிரிஞ்சிருக்குறவங்க தினமும் 5, 10 நிமிஷமாவது பேசணும்னு 2020 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் சொன்னது இங்கயும் பொருந்தும். பையன் பேசுறப்ப பக்கத்துல உக்காந்து வசனம் எடுத்துக் குடுக்காதீங்க, நிறைய வீட்டுல இது நடக்குது.

மார்ச்ல பரமக்குடி மாமியார் வீட்டுக்குப் போன 4 வயசு பொண்ண திருப்பி அனுப்ப மாட்டேங்குறாங்க. ஸ்கூல்தான் இல்லையேங்குறாங்க.

ஸ்கூல் இல்லைங்கிறதுக்காக கஸ்டடி மாறிடாதும்மா. 1956ஆம் வருஷ இந்து மைனர் சட்டம் 6ஆவது பிரிவுல, 5 வயசு முடியாத புள்ள சாதாரணமா தாய்கிட்டதான் இருக்கணும்னு இருக்கு. ஊரடங்குல மாவட்டம் தாண்டுறதால இ-பாஸுக்கு, அதான் பயண அனுமதிக்கு, போட்டுட்டு, வர்ற தேதியச் சொல்லி மெசேஜ் அனுப்புங்க. அப்பவும் முடியாதுன்னா ஹைகோர்ட் மதுரைக் கிளையில ஆட்கொணர்வு மனு, அதாவது புள்ளைய கோர்ட்டுக்குக் கொண்டாரச் சொல்லிக் கேக்குற மனு, போடலாம், அவசர வழக்க வீடியோலயே கேக்குறாங்க. ஃபீஸுக்கு பயப்படாதீங்க, பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, 15100க்கு போன் போடுங்க.

சம்பளம் பாதிதான் வருது, புள்ளையையும் காட்டல. ஜீவனாம்சத்த நிறுத்தலாமா?

கூடாது. அது வேற, இது வேற. சம்பள சிலிப்ப வச்சு தொகைய குறைக்கச் சொல்லி மனு போடுங்க, அதுவரைக்கும் முடிஞ்சத பேங்க் வழியா அனுப்புங்க, மிச்சம் பாக்கியாதான் நிக்கும். கைல மட்டும் குடுத்துடாதீங்க, அப்புறம் குடுத்ததுக்கு சாட்சி தேடி அலையணும்.