குண்டா இல்லாத திண்ணை

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறேன். வயது 31. கூட இருந்த அப்பத்தா போன வருடம் காலமாகிவிட்டார். அப்பா, அம்மா ஓசூரில் தம்பியோடு இருக்கிறார்கள். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. மதியம் 2 மணி முதல் இரவு 11 வரை. பக்கத்து வீடு என்றால் அரை கிலோமீட்டர் போக வேண்டும். ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். நான்கு கேமரா மாட்டலாம் என்றிருக்கிறேன். போதுமா? நாய் வளர்க்கலாமா?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: கேமரா மாட்டுங்கள் அம்மணி, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 2024 நவம்பரில் பல்லடம் பக்கமும், 2025ல் சிவகிரி பக்கமும் தோட்டத்து வீடுகளில் நடந்த கொலைகளுக்குப் பிறகு நம் பக்கத்தில் யாருக்குத்தான் பயமில்லை? ஆனால் கேமரா வாசலைப் பார்க்கும். உள்ளே நீங்கள் விழுந்து கிடந்தால் அது யாரையும் கூப்பிடாது.

நானும் பெருந்துறைப் பக்கம் மூன்று வருடம் தனியாக இருந்து எழுதிக்கொண்டிருந்தவள்தான். ஒருநாள் பொழுதோட குளிக்கப் போய் வழுக்கி விழுந்தேன். கணுக்கால் வீங்கிவிட்டது, எழ முடியவில்லை. போன் மேசை மேல். பாத்ரூம் கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேறு. விடிய விடிய ஈரத்தரையில் கிடந்தேன். காலையில் பால்காரர் வந்தார். திண்ணையில் நான் தினமும் கவிழ்த்து வைக்கிற குண்டாவைக் காணோம். "அக்கா, குண்டா எங்கீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். பதில் கேட்காமல் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்தபோதுதான் நான் கத்துவது அவர் காதில் விழுந்தது.

அதனால் நான் கேட்பது இதுதான்: உங்களுக்கு ஏதாவது ஆனால் எத்தனை மணி நேரத்தில், யாருக்குத் தெரியும்? வேலை நாளில் மதியம் நீங்கள் லாகின் செய்யவில்லை என்றால் கம்பெனி தேடும். வெள்ளி இரவு 11 மணிக்கு லேப்டாப்பை மூடினால்? திங்கள் மதியம் 2 மணி வரை யாரும் தேடப் போவதில்லை. கூட்டிப் பாருங்கள், 63 மணி நேரம்.

தினமும் காலை தம்பிக்கு ஒரு குட்மார்னிங் அனுப்புங்கள். ஒன்பது மணிக்குள் வரவில்லையென்றால் அவர் கூப்பிட வேண்டும். நீங்கள் எடுக்கவில்லை என்றால் அந்த அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்குப் போன் போட வேண்டும். மாற்றுச் சாவி ஒன்று அந்த வீட்டில் இருக்கட்டும். கம்பெனி பாரத்தில் அவசரத் தொடர்பு என்று அப்பா நம்பரைத்தான் கொடுத்திருப்பீர்கள். ஓசூரிலிருந்து அவர் வந்து சேர்வதற்குள் என்ன ஆகும்? பத்து நிமிடத்தில் வரக்கூடியவர் நம்பரையும் சேருங்கள். முன்கதவு பூட்டியிருக்கும்போது பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் எதற்கு? போனையும் உள்ளே கொண்டு போங்கள்.

அப்புறம் அடுப்பு. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கே உரிய ஆபத்து இது. பாலை வைத்துவிட்டு 'ரெண்டே நிமிஷம்' என்று மீட்டிங்கில் உட்காருவோம். காதில் வெளிச்சத்தம் புகாத ஹெட்போன். பால் பொங்கித் தீயை அணைத்துவிடும், காஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். அது காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகப் படரும். வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து போட்டு, வெளியே போய் காஸ் கசிவுக்கான அவசர எண் 1906க்குக் கூப்பிடுங்கள். அடுப்பு எரியும்போது ஹெட்போன் காதில் ஏறக்கூடாது என்று ஒரு சட்டம் வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் விஷயத்தில் ஒன்றே ஒன்று. மெயின் போர்டில் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். டக்கென்று விழ வேண்டும். ரூட்டரை இன்வெர்ட்டரோடு சேர்த்துவிடுங்கள். கரண்ட் போய் வைஃபையும் போனால் வாங்கிய கேமரா செல்போனில் ஒன்றும் காட்டாது.

தோட்டம் என்றால் பாம்பும் உண்டு. இரவு வேலை முடிந்து வெளியே இறங்கும்போது டார்ச்சும் செருப்பும் இல்லாமல் இறங்காதீர்கள். கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்து 108ஐக் கூப்பிட்டு, அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆனால் 108 உங்கள் வீட்டுக்கு எப்படி வரும்? கதவு எண்ணை வைத்துத் தோட்டத்து வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. எந்தப் பஸ் நிறுத்தம், எந்த இட்டேறி (தோட்டத்து வண்டித்தடம்), எத்தனையாவது கேட் என்று நாலு வரியில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பதறும்போது நம் வீட்டு வழியே நமக்குச் சொல்ல வராது. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலி 2022லிருந்து இருக்கிறது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடும். அவசர உதவி எண் 112ம் மனப்பாடமாக இருக்கட்டும்.

"தனியாவா இருக்கறீங்க?" நம் ஊரில் பார்சல் கொடுக்க வருபவர் முதல் தேங்காய் போட வருபவர் வரை கேட்பார்கள். பாதிப் பேர் அக்கறையில்தான் கேட்கிறார்கள். அதற்காக உண்மையைச் சொல்ல வேண்டுமென்று இல்லை. "அண்ணன் காட்டுக்குள்ள இருக்குதுங்க" என்று கூசாமல் சொல்லுங்கள்.

வீடியோ காலில் போலீஸ் உடையில் வந்து "உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், அறையை விட்டு நகரக் கூடாது" என்பவனிடம் மட்டும் பேச்சே வேண்டாம். அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது. நாளெல்லாம் தனி அறையில் கணினி முன் இருக்கிறவர்கள்தான் அவனுக்கு வசதி. பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930ஐக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

நாய் தாராளமாக வளருங்கள். நாட்டுக்குட்டியே போதும், வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மறக்காமல் போட்டுவிடுங்கள். ஆனால் அது குரைக்கிற நேரத்தில் உங்கள் காதில் அந்த ஹெட்போன் இருந்தால் நான் பொறுப்பில்லை.