காரைக்குடிப் பக்கம் லேப் டெக்னீஷியனுக்கு வேலை கிடைக்குமா?

பிளஸ் டூ முடித்த மகளை லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்த்தால் காரைக்குடியிலேயே வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும், சம்பளம்தான் யோசிக்க வைக்கும்.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வார்டில் படுத்துத் தீர்க்கிற நோய்களல்ல. மாதாமாதம் பரிசோதனை, மாத்திரை என்று ஆயுளுக்கும் தொடரும். அதனால் புறநோயாளிகள் பக்கம் ஆள் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகப் பெண் தன்னார்வலர்களை அமர்த்தினார்கள். அவர்கள் வாங்குவது ஊக்கத்தொகை. அதைச் சம்பளம் என்று எண்ணிவிடாதீர்கள். 2023 ஜூனில் தமிழக அரசு ஒரே நாளில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களைத் திறந்தது. நிரந்தர அரசுப் பணி வேண்டுமென்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டும்.

செட்டிநாட்டுக்கென்று தனிக் கதை ஒன்று உண்டு. முகப்பு, வளவு (தூண்கள் சூழ்ந்த உள்முற்றம்), இரண்டாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீட்டில் எண்பது வயது ஆச்சி மட்டும் இருப்பார்; பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. காலை ஆறரைக்கு ஸ்கூட்டரில் வரும் லேப் டெக்னீஷியன் பெண் வளவுத் தூணோரம் ஆச்சியை உட்காரவைத்து ரத்தம் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் புறப்படுவார். (வெறும் வயிற்றோடு இருக்கும் ஆச்சி, வந்தவருக்குக் காப்பி கொடுக்காமல் விடமாட்டார்.) மதியத்துக்குள் அறிக்கை மகனின் வாட்ஸ்அப்பில் இருக்கும்.

கல்லூரியில் பணம் கட்டும் முன், அந்தச் சான்றிதழ் அரசுத் தேர்வுக்குச் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.