ஓர்டோன்கா எதையும் உதறல – கடிதம்

அன்புள்ள சார்,

2024ல மோடி வார்சா போனப்ப ஜாம்நகர் மகாராஜா நினைவுச்சின்னத்துல அஞ்சலி செலுத்தினாரே, அதப் பத்தித் தேடிட்டு இருந்தப்ப ஹான்கா ஓர்டோனுவ்னாங்கற போலந்து நடிகை, பாடகி பேரு வந்துச்சு. போர்ல அநாதையான குழந்தைங்கள இந்தியாவுக்குக் கூட்டிட்டு வந்தவங்களாம். அவ்ளோ பெரிய ஸ்டார் புகழையெல்லாம் உதறிட்டு சேவைக்கு வந்தாங்களேன்னு புல்லரிச்சுது. அவங்க கேரியர் பத்திக் கொஞ்சம் எழுதுங்களேன்.

கவிதா

அன்புள்ள கவிதா,

உதறிட்டு வந்தாங்கங்கறதுதான் எனக்கு ஒட்டல. அந்தம்மா எதையும் உதறல, அவங்ககிட்டருந்து எல்லாத்தையும் பிடுங்கிட்டாங்க. அவங்கள தியாகியாக்கிட்டா மேடையில அவங்க பண்ணின வேலை மறந்து போயிடுது, அதான் என் வருத்தம்.

1902ல வார்சாவுல ஒரு ரயில்வேக்காரர் வீட்ல பொறந்தவங்க. அசல் பேரு மரியா அன்னா பியெத்ருஷின்ஸ்கா, ஊரே செல்லமா கூப்பிட்டது ஓர்டோன்கான்னு. சின்ன வயசுலயே பாலே, பதினாறு வயசு வாக்குல காபரே மேடை, அப்புறம் கொஞ்ச வருஷம் அங்கயும் இங்கயும். பெரிய திருப்பம் 'குவி ப்ரோ குவோ'ங்கற வார்சா காபரேல சேர்ந்தது. காபரேன்னதும் நம்ம பழைய படத்து கிளப் டான்ஸ நினைச்சுடாதீங்க, இது ஒரு கட்டடத்தோட அடித்தளத்துல நடந்த ராத்திரி ஷோ, அரசியல் நக்கல், குட்டி நாடகம், பாட்டு எல்லாம் கலந்து கட்டி அடிப்பாங்க, எழுதிக் குடுத்தவங்கள்ல ஒருத்தர் யூலியன் துவிம், போலிஷ்ல முதல் வரிசைக் கவிஞர். நடுவுல நின்னு ஷோவ நடத்துறவர் ஃபிரிடெரிக் யாரோசி, 1924ல ரஷ்ய அகதிகளோட ஒரு நாடகக் குழுவுல வந்து அங்கயே தங்கிட்டவர், ஓட்டை போலிஷ்ல பேசியே கூட்டத்த மயக்கினவர். ஓர்டோன்காவ செதுக்கினது அவர்தான், ரெண்டு பேருக்கும் காதலும் இருந்துச்சு.

ரெக்கார்டிங்லாம் யூட்யூப்ல கிடைக்குது, கேளுங்க. குரல் ஒண்ணும் பெரிய குரல் கிடையாது, மெல்லிசு, சில இடத்துல பாடுறாங்களா பேசுறாங்களான்னே சந்தேகம் வரும், ஆனா ஒரு வார்த்தைய எங்க இழுக்கணும் எங்க விட்டுடணும்னு தெரிஞ்சவங்க. மேடையில கை அசைவுக்குன்னே பேர் வாங்கினவங்க, அது ரெக்கார்ட்ல வராது, நமக்குப் பாதி ஓர்டோன்காதான் கிடைச்சிருக்கு.

சினிமா ரொம்பக் கம்மி. 1933ல 'முகமூடி போட்ட உளவாளி'ன்னு ஒரு படம், அதுல ரீட்டாங்கற உளவுக்காரியா வருவாங்க. படம் சுமார்தான். ஆனா காதல் உன்னோட எல்லாத்தையும் மன்னிச்சிடும்னு ஆரம்பிக்கிற பாட்டு இன்னிக்கும் போலந்துல ஓடுது. வரிகள் துவிம், ஓல்ட்லென்ங்கற புனைபெயர்ல எழுதினார், இசை ஹென்ரிக் வார்ஸ். இதுக்கு முன்னாடியே, 1931ல, மிகாவ் திஷ்கியேவிச்ங்கற பிரபுவக் கல்யாணம் பண்ணி சீமாட்டி ஆகியிருந்தாங்க, அப்பவும் மேடைய விடல, அதான் சொல்றேன், விடற ஆளே இல்ல.

1939ல ஜெர்மன்காரங்க வந்தாங்க, பாவியாக் ஜெயில்ல போட்டாங்க. வெளிய வந்து வில்னா (இப்ப லிதுவேனியாவோட தலைநகர் வில்னியஸ்) போனா அங்க சோவியத் காரங்க பிடிச்சு உஸ்பெகிஸ்தானுக்கு அனுப்பிட்டாங்க. ஏற்கனவே காசநோய் வேற. 1941ல ஹிட்லர் ரஷ்யா மேல பாஞ்சதும் ஸ்டாலினுக்கும் லண்டன்ல இருந்த போலந்து அரசுக்கும் ஒப்பந்தமாச்சு, கைதிங்கள விட்டாங்க. அப்பதான் அநாதைக் குழந்தைங்கள சேர்த்துப் பாத்துக்க ஆரம்பிச்சாங்க. 1942ல துர்க்மெனிஸ்தான்ல இருக்கிற அஷ்கபாத்லருந்து ஈரான் வழியா லாரிகள்ல பம்பாய், அப்புறம் ஜாம்நகர் பக்கம் நீங்க சொன்ன அந்த மகாராஜா அமைச்சுக் குடுத்த பாலாசடி முகாம், குழந்தைங்க தங்கினது அங்கதான். இவங்களுக்கு உடம்பு முடியாம பெய்ரூட் போயிட்டாங்க, அந்தக் குழந்தைங்க கதைய 1948ல வெரோனிகா ஹோர்ட்ங்கற பேர்ல புத்தகமா எழுதினாங்க, 1950ல அங்கயே செத்துப் போனாங்க. நாப்பத்தேழு வயசு.

உடம்பு தேறியிருந்தா திரும்பப் பாடியிருக்கலாமேன்னு கேப்பீங்க. எங்க போய்ப் பாடறது? அந்த மேடையில எழுதினவங்க, இசையமைச்சவங்க, நடிச்சவங்கள்ல நிறைய பேர் யூதர்கள். துவிம் பிரேசில், அமெரிக்கான்னு ஓடினார், வார்ஸ் ஹாலிவுட்ல செட்டிலாகி டால்ஃபின் படத்துக்கெல்லாம் இசை போட்டார், யாரோசி லண்டன், 'முகமூடி போட்ட உளவாளி'ய எடுத்த டைரக்டர் கிராவிச் 1944ல வார்சாவுல செத்தார். ஊரே தரைமட்டம். மிச்சமிருந்த போலந்து கம்யூனிஸ்ட்டுங்க கையில, அங்க ஒரு பிரபு வீட்டு சீமாட்டிக்கு என்ன மரியாதை கிடைச்சிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. 1990லதான் உடல வார்சாவுக்குக் கொண்டு வந்து பொவான்ஸ்கி கல்லறையில அடக்கம் பண்ணினாங்க.

1981ல இவங்கள வெச்சு ஒரு படமும் வந்திருக்கு, பாட்டெல்லாம் ஹன்னா பனஷாக் பாடினது. இவங்களவிட ஸ்ருதி சுத்தமா, அழகாவே பாடியிருக்காங்க, அதனாலயே அத அப்புறமா கேளுங்க.