வைஃபை பாதுகாப்பு: உங்கள் லேப்டாப் யாரை நம்பி இணைகிறது? (கேள்வி பதில்)

அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது என் வேலை. வைஃபை பாதுகாப்பு என்றதும் எல்லோரும் ரவுட்டரைத்தான் பார்க்கிறார்கள். அடுத்தவன் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதே கவலை. நம் லேப்டாப் தப்பான ஆளிடம் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்ற கவலை மட்டும் யாருக்கும் வருவதில்லை. இந்த முறை வந்த கேள்விகளில் பாதி அதைச் சுற்றித்தான் இருந்தன. பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

கேள்வி (சேலம்): எங்கள் வீட்டு வைஃபை பெயரைத் தொட்டால், இது பாதுகாப்பானது அல்ல என்று லேப்டாப்பில் எச்சரிக்கை வருகிறது. நெட் நன்றாகத்தான் வருகிறது. கண்டுகொள்ளாமல் விடலாமா?

பதில்: விடாதீர்கள். உங்கள் ரவுட்டர் இன்னும் டபிள்யூஇபி அல்லது டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறையில் ஓடுகிறது என்று அர்த்தம். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு முதல் இப்படி எச்சரிக்கிறார்கள். டபிள்யூஇபி 1997-இல் வந்தது. அதை உடைக்கும் வழி 2001-லேயே வெளிவந்துவிட்டது. இன்றைக்குச் சாதாரண லேப்டாப்பே சில நிமிடங்களில் அதன் சாவியைக் கண்டுபிடித்துவிடும். டிகேஐபி என்பது அந்தப் பழைய வன்பொருளைத் தூக்கிப் போடாமல் சமாளிக்க 2003-இல் அவசரமாகப் போட்ட ஒட்டு.

எது ஓடுகிறது என்று பார்க்க, செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் வைஃபை, அதில் இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் ப்ராப்பர்ட்டீஸ் போங்கள். கீழே 'செக்யூரிட்டி டைப்' என்று இருக்கும். மேக் வைத்திருப்பவர்கள் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு மேலே உள்ள வைஃபை சின்னத்தைச் சொடுக்கினால் போதும். டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3 என்ற புதிய குறியாக்க முறைகளில் ஒன்று இருந்தால் சரி. இல்லையென்றால் ரவுட்டரில் மாற்றிவிட்டு, லேப்டாப்பில் அந்த நெட்வொர்க்கை 'ஃபர்கெட்' செய்து புதிதாகச் சேருங்கள். சேமித்து வைத்த பழைய விவரத்தில் பழைய முறையும் பதிவாகியிருக்கும். அதை அழிக்காமல் "பாஸ்வேர்டு சரியாகத்தானே போடுகிறேன், ஏன் சேரவில்லை" என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் நிறைய.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. டபிள்யூஇபியோ டிகேஐபியோ இருந்தால் வேகமான வைஃபைக்கான 802.11என் என்ற தரத்தின் வேகங்களைப் பயன்படுத்தவே விதி அனுமதிப்பதில்லை. இணைப்பு 54 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிடும், கையில் கிடைப்பது அதிலும் பாதிதான். 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் வேகம் வரவில்லை என்று கம்பெனிக்காரரைத் திட்டிக்கொண்டிருக்கும் சிலருக்கு உண்மையான காரணம் இதுதான்.

கேள்வி (மதுரை): ரவுட்டரை டபிள்யூபிஏ3-க்கு மாற்றினேன் சார். மகனுடைய புது லேப்டாப் சேர்ந்துவிட்டது, என்னுடையது சேர மாட்டேன் என்கிறது.

பதில்: டபிள்யூபிஏ3 வந்தது 2018-இல். உங்கள் பக்கம் இயங்குதளம், வைஃபை கார்டு, அதன் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) மூன்றும் அதற்கு ஒத்துவர வேண்டும். விண்டோஸ் 10 1903, மேக்ஓஎஸ் கேட்டலினா, இவற்றுக்கு முந்தையவை என்றால் முயல வேண்டாம். அதற்குப் பிந்தையது என்றால் லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து வைஃபை டிரைவரை எடுத்துப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

ஆகவில்லையா? ரவுட்டரில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறையை வையுங்கள். நல்ல நீளமான பாஸ்வேர்டு இருந்தால் வீட்டுக்கு டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் இன்னமும் போதும். கலப்பிலும் தகராறு செய்தால் 'ப்ரொடெக்டட் மேனேஜ்மென்ட் ஃபிரேம்ஸ்' (இணைப்பை நிர்வகிக்கும் செய்திகளுக்கான பாதுகாப்பு) என்ற அமைப்பைக் கட்டாயம் என்பதிலிருந்து விருப்பம் என்று மாற்றிப் பாருங்கள்.

டிரைவர், அப்டேட் என்றால் அலுத்துக்கொள்பவர்களுக்கு ஒன்று. 2017-இல் 'கிராக்' என்ற தாக்குதல் வெளியானபோது எல்லோரும் ரவுட்டர் அப்டேட்டுக்காகக் காத்திருந்தார்கள். ஓட்டை முக்கியமாக இருந்தது இணையும் கருவியின் பக்கம். லினக்ஸும் ஆண்ட்ராய்டு 6-உம்தான் அதில் மோசமாக மாட்டின. முழுக்கப் பூஜ்ஜியங்களால் ஆன சாவியைப் போட வைக்க முடிந்தது!

கேள்வி (திருப்பூர்): வீட்டில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கட்டும் என்று என் செல் நம்பரையே பாஸ்வேர்டாக வைத்திருக்கிறேன். பத்து இலக்கம், போதாதா?

பதில்: போதாது. நம் ஊர் செல் நம்பர் 6, 7, 8, 9 என்ற நான்கு எண்களில் ஒன்றில்தான் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி வாய்ப்புகள். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் டபிள்யூபிஏ2-வில் உங்கள் லேப்டாப் ரவுட்டரோடு சேரும் அந்த ஒரு கணத்தில் பறக்கும் தகவலைப் பிடித்து வைத்துக்கொண்டால், மீதி வேலையை வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். நொடிக்கு 10 லட்சம் முறை முயல ஒரு நல்ல கேமிங் கிராஃபிக்ஸ் கார்டு போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மேல். உங்கள் நம்பர் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு அதுவும் தேவையில்லை.

8 முதல் 63 எழுத்துகள் வரை வைக்கலாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடியுங்கள். முருங்கை, தபால், ஆவணி, சைக்கிள் என்பது போல. (இதையே வைத்துவிடாதீர்கள்.) ரவுட்டரோடு வந்த வைஃபை பெயரையும் மாற்றுங்கள். பாஸ்வேர்டோடு அந்தப் பெயரையும் கலந்துதான் சாவி தயாராகிறது. பரவலான பெயர்களுக்கு முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த பட்டியல்கள் உலவுகின்றன.

கேள்வி (தஞ்சாவூர்): வைஃபை பெயரை மறைத்துவிட்டேன், மேக் அட்ரஸ் ஃபில்டரும் போட்டுவிட்டேன். இனி யாரும் வர முடியாதுதானே?

பதில்: வரலாம். மேக் அட்ரஸ் என்பது ஒவ்வொரு வைஃபை கார்டுக்கும் உள்ள அடையாள எண் (ஆப்பிள் மேக் அல்ல); பட்டியலில் உள்ள எண்களை மட்டும் உள்ளே விடுவதுதான் ஃபில்டர். அந்த எண் காற்றில் வெளிப்படையாகவே போகிறது. அதைப் பார்த்து எழுதிக்கொண்டு தன் கார்டில் போட்டுக்கொள்வது சின்ன வேலை. பெயரை மறைப்பதோ நிலைமையை இன்னும் மோசமாக்கும். மறைந்த நெட்வொர்க்கைத் தேட உங்கள் லேப்டாப்தான் "இந்தப் பெயர் இங்கே இருக்கிறதா" என்று போகிற இடமெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கும். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் உங்கள் வீட்டு வைஃபை பெயர் தெரிந்துவிடும். இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி (ஈரோடு): டபிள்யூபிஎஸ் பட்டன் வைத்து இணைப்பது ஆபத்தா?

பதில்: பாஸ்வேர்டு அடிக்காமல் இணைய ரவுட்டரில் உள்ள வசதிதான் டபிள்யூபிஎஸ். அதில் பட்டன் பரவாயில்லை, பின் நம்பர்தான் ஆபத்து. எட்டு இலக்கம் என்றாலும் அதை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கிறது. கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். அதனால் 11,000 முயற்சியில் சிக்கிவிடும். 2011-லேயே தெரிந்த விஷயம். அணைத்துவிடுங்கள்.

கேள்வி (ஜெர்மனியில் படிக்கும் மாணவர், ஊர் கோவை): அண்ணா, இங்கே பல்கலைக்கழகத்தில் எடுரோம் வைஃபை. ஏதேதோ சான்றிதழ் கேட்டது. சீனியர் ஒருவர் "சான்றிதழ் தேவையில்லை என்று டிக் போடு, வேலை செய்யும்" என்றார். போட்டேன், வேலை செய்கிறது. ஏதாவது பிரச்சினையா?

பதில்: வேலை செய்கிறது என்பதுதான் பிரச்சினை தம்பி. யார் வந்து நின்றாலும் இனி வேலை செய்யும்.

வீட்டு வைஃபையில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. எடுரோம் என்பது பல நாட்டுக் கல்வி நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் வைஃபை. அது போன்ற 'என்டர்பிரைஸ்' வகையில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. நீ கொடுக்கும் பெயரும் பாஸ்வேர்டும் உன் பல்கலைக்கழகத்தின் ரேடியஸ் சர்வருக்கு (கணக்கைச் சரிபார்க்கும் கணினி) போகிறது. வழியில் யாரும் பார்க்காமல் இருக்க முதலில் ஒரு மறைகுழாய் போடப்படும், அதற்குள்தான் பாஸ்வேர்டு போகும். குழாயின் மறுமுனையில் இருப்பது உன் பல்கலைக்கழகம்தானா என்று பார்க்கத்தான் சான்றிதழ். அதைப் பார்க்க வேண்டாம் என்று நீ டிக் போட்டுவிட்டாய். ஒருவன் பையில் சின்ன ரவுட்டரை வைத்துக்கொண்டு, அதற்கு எடுரோம் என்று பெயர் வைத்து, கேன்டீனில் வந்து உட்கார்ந்தால் உன் லேப்டாப் தானாகவே அவனோடு குழாய் போட்டுக்கொள்ளும். குழாய்க்குள் பாஸ்வேர்டு போகும் முறை டிடிஎல்எஸ் பிஏபி என்றால் பாஸ்வேர்டு அப்படியே அவன் கையில். பீப் எம்எஸ்சாப்வி2 என்ற இன்னொரு முறை என்றால் பாஸ்வேர்டு நேராகப் போகாது, ஆனால் அந்த முறையை ஒரு நாளுக்குள் உடைக்கலாம் என்று 2012-லேயே செய்து காட்டிவிட்டார்கள். பல இடங்களில் மெயிலுக்கும் தேர்வு முடிவுப் பக்கத்துக்கும் இதே பாஸ்வேர்டுதான். அதையும் நினைத்துப் பார்.

என்ன செய்ய வேண்டும்: இப்போது இருக்கும் எடுரோம் விவரத்தை அழித்துவிடு. பாஸ்வேர்டையும் மாற்றிவிடு. எடுரோமுக்கென்றே 'கேட்' என்ற அமைப்புக் கருவி இருக்கிறது, 'கெட்எடுரோம்' செயலியும் இருக்கிறது. உன் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தால் சான்றிதழ், சர்வர் பெயர் எல்லாவற்றையும் அதுவே போட்டுவிடும். கையால்தான் அமைப்பேன் என்றால், விண்டோஸில் கன்ட்ரோல் பேனல் வழியாகப் புது வயர்லெஸ் இணைப்பைக் கைமுறையாக உருவாக்கி, செக்யூரிட்டி பகுதியில் பீப் அமைப்புக்குள் போ. அங்கே மூன்று விஷயம். சான்றிதழைச் சரிபார் என்பதில் டிக் இருக்க வேண்டும். சர்வர் பெயர் கட்டத்தில் பல்கலைக்கழகம் கொடுத்த பெயரை அடிக்க வேண்டும். கீழே உள்ள நீளப் பட்டியலில் பல்கலைக்கழகம் சொன்ன ஒரே ஒரு மூலச் சான்றிதழை (சான்றிதழ் வழங்கும் நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ்) மட்டும் தேர்வு செய்ய வேண்டும். பலர் முதல் டிக்கோடு நின்றுவிடுகிறார்கள். சர்வர் பெயரைப் போடாவிட்டால், அதே சான்றிதழ் நிறுவனத்திடம் காசு கொடுத்து வேறு பெயருக்குச் சான்றிதழ் வாங்கியவனும் உள்ளே வந்துவிடலாம். லினக்ஸ் நெட்வொர்க் மேனேஜரிலும் இதே கதைதான்: மூலச் சான்றிதழ்க் கோப்பு, டொமைன் என்ற இரண்டு கட்டங்களையும் நிரப்பு.

ஒன்று மட்டும் ஞாபகம் வை. நாளைக்குப் பாரிஸ் போனாலும், ஊருக்கு வந்து இங்கே எடுரோம் உள்ள கல்லூரியில் இணைந்தாலும், லேப்டாப் பார்க்கப் போவது உன் ஜெர்மன் பல்கலைக்கழகத்தின் சான்றிதழைத்தான். புது ஊர் என்பதால் புதுச் சான்றிதழ் என்று எதையாவது ஏற்கச் சொன்னால் ஏற்காதே.

கேள்வி (சென்னை): அலுவலக வைஃபையில் என் லேப்டாப் மட்டும் இரண்டு நாளாகச் சேரவில்லை. சான்றிதழ் செல்லாது என்கிறது. மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. லேப்டாப் கொஞ்சம் பழசு.

பதில்: கீழே வலது மூலையில் தேதியைப் பாருங்கள். போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறையும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். அந்தத் தேதியில் அந்தச் சான்றிதழ் பிறக்கவே இல்லை. நேரத்தை இணையத்திலிருந்து சரிசெய்துகொள்ள இணைப்பு வேண்டும், இணைப்புக்கு நேரம் சரியாக இருக்க வேண்டும்! கையால் தேதியை மாற்றிவிட்டு இணையுங்கள், அப்புறம் பேட்டரியை மாற்றுங்கள்.

கேள்வி (பெங்களூரு, அலுவலக ஐடி பிரிவு): விண்டோஸ் 11 என்டர்பிரைஸ் 22எச்2-க்கு மாறிய பிறகு, தானாகச் சேர்ந்த வைஃபை இப்போது ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்கிறது.

பதில்: பீப் எம்எஸ்சாப்வி2 வைத்திருப்பீர்கள். அந்தப் பதிப்பில் 'கிரெடென்ஷியல் கார்ட்' (Credential Guard) என்ற, லாகின் விவரங்களைக் காக்கும் விண்டோஸ் வசதி இயல்பாகவே இயங்கத் தொடங்கியது. அது லாகின் பாஸ்வேர்டை எம்எஸ்சாப்வி2-வுக்குத் தானாகக் கொடுக்க விடாது. அதை அணைக்கும் வழியைத் தேடாதீர்கள். ஒவ்வொரு கணினிக்கும் சான்றிதழ் கொடுத்து, பாஸ்வேர்டுக்குப் பதில் அந்தச் சான்றிதழாலேயே இணையும் ஈஏபி டிஎல்எஸ் முறைக்கு மாறுங்கள். ஒரு மாத வேலைதான், ஆனால் திருடுவதற்கு பாஸ்வேர்டே இருக்காது.

கேள்வி (விழுப்புரம்): ரயில் நிலைய வைஃபையில் ஓடிபி கேட்டுத்தான் விடுகிறார்கள். அப்படியானால் பாதுகாப்பானதுதானே?

பதில்: 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கிய ரயில்டெல்லின் சேவை, இன்று ஆயிரக்கணக்கான நிலையங்களில் இருக்கிறது. நல்ல சேவைதான். ஆனால் ஓடிபி என்பது நீங்கள் யார் என்று அவர்கள் தெரிந்துகொள்ள. அவர்கள் யார் என்று உங்களுக்கு அது சொல்லாது. இப்படிப் பாஸ்வேர்டு இல்லாமல் இணையும் திறந்த வைஃபையில் காற்றில் குறியாக்கமும் இருக்காது. இன்றைக்கு வங்கி, மெயில் எல்லாம் எச்டிடிபிஎஸ் என்ற, தளமே செய்யும் குறியாக்கத்தில் ஓடுவதால் உள்ளடக்கம் தப்பிக்கிறது. எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது பெரும்பாலும் தெரியும்.

போலிப் பெயர்தான் பெரிய தொல்லை. 2024-இல் ஆஸ்திரேலியாவில் விமான நிலையங்களிலும் விமானத்துக்குள்ளும் இலவச வைஃபை போலப் போலியை ஓட்டி, மெயில் பாஸ்வேர்டு கேட்கும் பக்கத்தைக் காட்டியதாக ஒருவர் மீது காவல்துறை வழக்குப் போட்டது. எனவே பொது இடத்து வைஃபையில் 'கனெக்ட் ஆட்டோமேட்டிக்கலி' டிக்கை எடுத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் 'ஃபர்கெட்' செய்யுங்கள். 'பப்ளிக் நெட்வொர்க்' (அதே வைஃபையில் உள்ள மற்ற கருவிகளிடமிருந்து லேப்டாப்பை மறைக்கும் அமைப்பு) என்பதையே தேர்ந்தெடுங்கள். வைஃபை கொடுப்பதற்கு மெயில் பாஸ்வேர்டோ ஃபேஸ்புக் பாஸ்வேர்டோ கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): விடுதியில் வைஃபை பாஸ்வேர்ட் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது அண்ணா. பாஸ்வேர்ட் இருக்கிறபடியால் பயமில்லைத்தானே?

பதில்: டபிள்யூபிஏ2 என்றால் பயம் உண்டு. அந்தப் பாஸ்வேர்டு தெரிந்தவர் நீங்கள் சேரும் கணத்தையும் பிடித்துவிட்டால் உங்கள் தகவலைப் பிரித்துப் படிக்கலாம். டபிள்யூபிஏ3 என்றால் ஒவ்வொரு இணைப்புக்கும் தனிச் சாவி உருவாகும், பாஸ்வேர்டு தெரிந்தாலும் அது கிடைக்காது. ப்ராப்பர்ட்டீஸில் பார்த்துக்கொள்ளுங்கள். அலுவலக வேலை என்றால் அலுவலகம் தரும் விபிஎன் (உங்கள் தகவல் முழுவதையும் மறைகுழாய் வழியாக அனுப்பும் வசதி) போடுங்கள். இலவச விபிஎன் செயலிகளை நான் சிபாரிசு செய்வதில்லை. விடுதிக்காரரை நம்பாமல் முகம் தெரியாத இன்னொருவரை நம்புவதில் என்ன லாபம்?

கேள்வி (நாகர்கோவில்): வீட்டு வைஃபையையும் 'பப்ளிக்' என்று வைத்தேன். பிரிண்டர் காணாமல் போய்விட்டது.

பதில்: 'பப்ளிக்' லேப்டாப்பை மற்ற கருவிகளிடமிருந்து பிரித்து வைப்பதுதான் காரணம். வீட்டில் 'பிரைவேட்' வைக்கலாம். வெளியே வைக்காதீர்கள்.

கேள்வி (வேலூர்): பழைய லேப்டாப்பை விற்கப் போகிறேன். அதில் வைஃபை பாஸ்வேர்டு இருக்குமா?

பதில்: நீங்கள் இதுவரை சேர்ந்த எல்லா இடத்துப் பாஸ்வேர்டும் இருக்கும். விண்டோஸ் 11-இல் அட்மின் கணக்கில் நுழைந்தால் அதை எழுத்தாகவே காட்டும். லினக்ஸில் ரூட் உரிமை இருந்தால் கோப்பைத் திறந்தே படிக்கலாம். சர்வீஸ் கடைக்குக் கொடுக்கும்போதும் இதை யோசியுங்கள். 'மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்' பட்டியலில் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, விற்கும் முன் 'ரிசெட் திஸ் பிசி' போய் டிரைவை முழுக்கத் துடைக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்தும் அந்தக் கருவியை நீக்கிவிடுங்கள்.