அரசியலமைப்பை எங்கிருந்து படிப்பது? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நான் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா இன்னும் செம்பனைக் குலை வெட்டுகிறார். கணக்கியல் பட்டம் முடித்துவிட்டு இப்போது பட்டணத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். அரசாங்க அதிகாரி வேலைக்குப் பொதுச் சேவை ஆணையமான எஸ்.பி.ஏ.வில் பதிந்து வைத்திருக்கிறேன். தேர்வில் மற்றதெல்லாம் ஓரளவு வருகிறது. மலேசிய அரசியலமைப்பு, அரசாங்க அமைப்பு என்று வந்தால் தடுமாறிவிடுகிறேன். விதி எண்களைச் சின்ன அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்கிறேன், இரண்டு நாளில் எல்லாம் கலந்துவிடுகிறது. எஸ்.பி.ஏ.வும் பொதுச் சேவைத் துறையான ஜே.பி.ஏ.வும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. எங்கிருந்து தொடங்க வேண்டும்? எந்தப் புத்தகம் வாங்குவது?

இன்னொன்று. “153 இருக்கிறவரைக்கும் நமக்கு எதுக்கும்மா இந்த வேலை? கையில இருக்கிறதைப் பாரு” என்கிறார் அப்பா. மலாய்க்காரர்கள், சபா, சரவாக் பூர்வகுடியினரின் சிறப்பு நிலை பற்றிய விதி 153ஐத்தான் சொல்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

க.,
சுங்கை சிப்புட்

*

அன்புள்ள க.,

அட்டைகளைக் கொஞ்ச நாள் எடுத்து வையுங்கள். எண்கள் பின்னால் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். கூட்டரசு அரசியலமைப்பில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்தக் காரியத்தைச் செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அவரைத் தடுக்கக்கூடியவர் யார்? இதைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

பலரும் விதி 1இல் தொடங்கி, 10க்குள் களைத்துப் போகிறார்கள். நான் சொல்வேன், கடைசியிலிருந்து தொடங்குங்கள். ஒன்பதாவது அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. கூட்டரசுப் பட்டியல், மாநிலப் பட்டியல், இரண்டுக்கும் பொதுவான பட்டியல் என்று மூன்று. நாடாளுமன்றம் எதைப் பற்றிச் சட்டம் போடலாம், மாநிலச் சட்டமன்றம் எதைப் பற்றிப் போடலாம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. படிக்க அலுப்பாக இருக்கும், அதனால்தான் நம் ஊரை வைத்துப் படிக்கச் சொல்கிறேன்.

ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களே அப்படி ஒன்றில் படித்திருப்பீர்கள். ஆசிரியருக்குச் சம்பளம் கல்வி அமைச்சிலிருந்து வருகிறது, ஏனென்றால் கல்வி கூட்டரசுப் பட்டியலில் உள்ளது. அந்த ஆசிரியரை நியமித்தது கல்விச் சேவை ஆணையம், அது விதி 141ஏ. ஆனால் பள்ளி நிற்கும் நிலம் பெரும்பாலும் தோட்டக் கம்பெனியின் பெயரில் இருக்கும். அதனால்தான் நம் பள்ளிகள் பலவும் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருந்து வந்திருக்கின்றன. பெற்றோர் ஆசிரியர் சங்கம் நான்கு வகுப்பறை கேட்டு மனுப் போடுகிறது என்று வையுங்கள். புத்ராஜெயாவில் இருக்கும் கூட்டரசு அரசாங்கம் பணம் ஒதுக்கலாம், ஆனால் அடுத்தவர் நிலத்தில் எப்படிக் கட்டுவது? சரி, கம்பெனி நிலத்தைப் பிரித்துத் தரச் சம்மதிக்கிறது. அதைப் பிரித்துப் பட்டா போடுவது நில அலுவலகம். நிலம் மாநிலப் பட்டியலில் உள்ளது, முடிவு மாநிலத் தலைநகர் ஈப்போவில் மாநில ஆட்சிக்குழுவிடம். பள்ளி வாசலுக்கு வெளியே கால்வாய் அடைத்துக்கொண்டால் கோலகங்சார் நகராண்மைக் கழகத்துக்குப் போக வேண்டும், ஊராட்சியும் மாநிலப் பட்டியல்தான். பள்ளிக்குப் பின்னால் லயத்தில் இருக்கும் தொழிலாளிக்குச் சம்பளப் பாக்கி என்றால் தொழிலாளர் இலாகா, அது கூட்டரசு. பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் என்றால் தேசியப் பதிவு இலாகா, அதுவும் கூட்டரசு.

ஒரு பள்ளியைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தால் இத்தனை அதிகாரம். தேர்வில் “கீழ்க்கண்டவற்றில் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது எது?” என்று கேட்டால் இனி நீங்கள் எண்ணைத் தேட மாட்டீர்கள்.

நம் ஊரில் நான் அடிக்கடி பார்ப்பது ஒன்று. சுங்கை சிப்புட் ஒரு நாடாளுமன்றத் தொகுதி. அதற்குள் லிந்தாங், ஜாலோங் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள். நிலப் பட்டாவுக்கு நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் காத்துக் கிடக்கிறார்கள், குடியுரிமை விவகாரத்தைச் சட்டமன்ற உறுப்பினரிடம் கொண்டுபோகிறார்கள். அவர்கள் கடிதம் எழுதித் தரலாம், முடிவெடுப்பது வேறு இடம். இதனால் நம் ஆட்கள் இழந்த ஆண்டுகளை நினைத்தால் மனசு பொறுக்கவில்லை. நாளைக்கு நீங்கள் ஒரு கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தால், வந்தவரைச் சரியான கதவுக்கு அனுப்ப இந்த அட்டவணைதான் உதவும்.

இதில் ஒரு நெளிவு உண்டு, தேர்வு அங்கேதான் கொக்கி போடும். நிலம் மாநிலத்துக்கு என்றால், 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தை நாடாளுமன்றம் எப்படிப் போட்டது? விதி 76(4). மாநிலங்களுக்கிடையே ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக நில உரிமை, பதிவு, கையகப்படுத்தல் போன்றவற்றில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். சட்டம் கூட்டரசு போட்டது, நிலம் மாநிலத்தின் கையில். இந்த ஊர்க்காரருக்கு இது வெறும் ஏட்டுப் பாடம் இல்லை. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில் தொழிலாளிகள் வேலையும் வீடும் சேர்த்து இழந்தார்கள். அந்த நெருக்கடியில்தான் நம் ஊரில் பிறந்த அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் முன்னின்று, தொழிலாளிகளிடம் பங்கு திரட்டித் தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. உங்கள் தாத்தா பாட்டியிடம் அந்தப் பங்குப் பத்திரம் இருந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

அடுத்து மேலே போவோம். மாமன்னர், மேலவை, மக்களவை மூன்றும் சேர்ந்ததுதான் நாடாளுமன்றம், விதி 44. மக்களவையில் 222 பேர், எல்லோரும் தேர்தலில் வந்தவர்கள். மேலவையில் 70 பேர். 13 மாநிலச் சட்டமன்றங்களும் ஆளுக்கு இருவரைத் தேர்ந்தெடுக்கின்றன, அது 26. மீதி 44 பேர் நியமனம், அதில் நால்வர் கூட்டரசுப் பிரதேசங்களுக்கு. மாமன்னரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை, மாநில மன்னர்கள் கூடும் ஆட்சியாளர்கள் மாநாடு தேர்ந்தெடுக்கிறது. பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் ஆளுநர்கள் மாநாட்டில் உறுப்பினர்கள், ஆனால் இந்தத் தேர்தலில் அவர்களுக்குப் பங்கில்லை. இந்த அளவு போதும், இதையெல்லாம் படித்தால் வந்துவிடும்.

ஊன்றிப் படிக்க வேண்டியது விதி 40ம் 43ம். மாமன்னர் பொதுவாக அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பார். பிரதமரை நியமிப்பதிலும், நாடாளுமன்றத்தைக் கலைக்கும் கோரிக்கையை மறுப்பதிலும் தம் விருப்பப்படி செய்யலாம். மக்களவையில் பெரும்பான்மையினரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று தாம் கருதும் உறுப்பினரைப் பிரதமராக நியமிக்கிறார். 2022 நவம்பர் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது இந்த வரிதான் நாட்டை நகர்த்தியது.

நம்பிக்கை போய்விட்டது என்பதை யார், எப்படி முடிவு செய்வது? இதற்கு நம் மாநிலமே உதாரணம். பேராவில் 59 சட்டமன்ற இடங்கள். 2008 தேர்தலில் பக்காத்தான் கூட்டணிக்கு 31, பாரிசான் கூட்டணிக்கு 28. 2009 தொடக்கத்தில் ஆளும் தரப்பிலிருந்து மூவர் விலகினார்கள். மாநில அரசின் தலைவரான மந்திரி பெசார் நிசார் சட்டமன்றத்தைக் கலைக்கக் கேட்டார், சுல்தான் அஸ்லான் ஷா மறுத்தார், சம்ரி புதிய மந்திரி பெசார் ஆனார். சட்டமன்றத்தில் நம்பிக்கையில்லா வாக்கெடுப்பு நடக்கவில்லை. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. சட்டமன்ற வாக்கெடுப்பு இல்லாமல் வேறு வழியிலும் நம்பிக்கை இழந்ததை அறியலாம் என்று 2010இல் தீர்ப்பு வந்தது. ஆனால் 1966இல் சரவாக்கில் முதலமைச்சர் ஸ்டீபன் காலோங் நிங்கான் வழக்கில் நீதிமன்றம் நேர்மாறாகச் சொல்லியிருந்தது, வாக்கெடுப்பு வேண்டும் என்று. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். என் கருத்தைக் கேட்டால், வாக்கெடுப்பே நேர்மையான வழி, எல்லோர் கண்ணுக்கும் தெரிவது. தேர்வில் என் கருத்தை எழுதாதீர்கள், இரண்டு தீர்ப்பையும் எழுதுங்கள். கட்சி தாவல் பற்றிக் கேட்டால் 2022இல் சேர்க்கப்பட்ட விதி 49ஏ. சொந்தமாகக் கட்சியை விட்டுப் போனால் மக்களவை இடம் காலியாகும், கட்சி நீக்கினால் ஆகாது.

எஸ்.பி.ஏ., ஜே.பி.ஏ. குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்லை. பொதுச் சேவை ஆணையம் அரசியலமைப்பு உருவாக்கிய அமைப்பு, விதி 139. வேலைக்கு எடுப்பது, நிரந்தரமாக்குவது, பதவி உயர்வு, இடமாற்றம், ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் ஆணையங்களின் வேலை என்று விதி 144 சொல்கிறது. ஜே.பி.ஏ. அரசாங்கத்தின் ஒரு துறை. சம்பளத் திட்டம், பதவி அமைப்பு, பயிற்சி, ஓய்வூதியக் கொள்கை அங்கே. ஆளை எடுப்பவரும் ஆளை நடத்துபவரும் ஒருவராக இருக்கக்கூடாது, மந்திரி தன் ஆட்களைச் சேவைக்குள் திணிக்கக்கூடாது என்பதுதான் ஆணையம் தனியாக நிற்பதற்குக் காரணம். அமைச்சர் அரசு ஊழியர் இல்லை, விதி 132(3) அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஓர் அரசு ஊழியரைத் தன் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுக்காமல் வேலை நீக்கமோ பதவி இறக்கமோ செய்யக்கூடாது என்பது விதி 135(2). அதற்குச் சில விதிவிலக்குகளும் அங்கேயே உள்ளன, அவற்றையும் பாருங்கள்.

இப்போது அப்பாவின் கேள்வி. அவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது, அனுபவம் பேசுகிறது. ஆனால் 153ஐப் பற்றிப் பேசுகிறவர்களில் முழுதாகப் படித்தவர்கள் குறைவு. மலாய்க்காரர்கள், சபா, சரவாக் பூர்வகுடியினரின் சிறப்பு நிலையையும் மற்ற சமூகங்களின் நியாயமான நலன்களையும் காப்பது மாமன்னரின் பொறுப்பு என்று முதல் உட்பிரிவு சொல்கிறது. கூட்டரசுப் பொதுச் சேவை, உபகாரச் சம்பளம், உரிமங்கள் ஆகியவற்றில் நியாயமெனக் கருதும் விகிதத்தை ஒதுக்கலாம். ஒதுக்கீடு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நான்காம் உட்பிரிவைப் பாருங்கள்: இதைச் செய்யும்போது யாரும் ஏற்கெனவே வகிக்கும் அரசுப் பதவியைப் பறிக்கக்கூடாது. ஐந்தாம் உட்பிரிவு: இந்த விதி 136ஐக் குறைக்காது. அந்த 136 என்ன சொல்கிறது? கூட்டரசுச் சேவையில் ஒரே தரத்தில் உள்ள எல்லோரையும், எந்த இனமானாலும், பாரபட்சமின்றி நடத்த வேண்டும். உள்ளே நுழையும் இடத்தில் ஒதுக்கீட்டுக்கு இடம் உண்டு, நுழைந்த பிறகு சமம். அப்பாவிடம் இந்த இரண்டு உட்பிரிவுகளையும் மலாயில் வாசித்துக் காட்டுங்கள்.

நடைமுறையில் குறை இல்லையா என்றால் இருக்கிறது. அரசுச் சேவையில் இந்தியர்கள் மக்கள்தொகை விகிதத்துக்குக் கீழேதான் இருக்கிறார்கள். அதற்குப் பல காரணங்கள், எல்லாம் நம் கையில் இல்லை. விண்ணப்பம் நம் கையில் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளை ஒருவர் மாவட்ட அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால், மனு எழுதத் தெரியாத ஒரு கிழவிக்கு அங்கே என்ன மாறும் என்று அப்பாவுக்கே தெரியும். நீங்கள் கட்டாயம் தேர்வு எழுத வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

மற்றவை சுருக்கமாக. விதி 5 முதல் 13 வரை அடிப்படை உரிமைகள், அவற்றில் எது குடிமக்களுக்கு மட்டும், எது எல்லோருக்கும் என்று பிரித்துப் படியுங்கள். விதி 10 குடிமக்களுக்கு, விதி 11 எல்லா மனிதருக்கும். குடியுரிமையில் சுதந்திர நாளான மெர்டேக்கா நாளிலிருந்து 1962 அக்டோபருக்கு முன்பு வரை இந்த மண்ணில் பிறந்தாலே பொதுவாகப் போதும், அதற்குப் பிறகு பெற்றோரில் ஒருவரின் நிலையும் பார்க்கப்படுகிறது. குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாளக் கார்டோடு வாழ்ந்து முடித்தவர்களின் கதை இந்தப் பகுதியைச் சுற்றித்தான் இருக்கிறது. திருத்தத்துக்கு விதி 159: பெரும்பாலானவற்றுக்கு மூன்றில் இரண்டு பங்கு, மக்களவையில் அது 148. தேசிய மொழி பற்றிய விதி 152, மேலே பார்த்த 153 போன்றவற்றைத் தொட ஆட்சியாளர்கள் மாநாட்டின் ஒப்புதலும் வேண்டும்.

புத்தகம் கேட்டீர்கள். முதலில் எதையும் வாங்காதீர்கள். சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தின் இணையத்தளத்தில் அரசியலமைப்பு முழுதும் இலவசமாகக் கிடைக்கிறது. மலாய்ப் பதிப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், தமிழில் யோசித்தாலும் விடை மலாயில்தான் எழுத வேண்டும். பயிற்சி நூல் வாங்கினால் விதி 119ஐத் திறந்து பாருங்கள். வாக்களிக்கும் வயது 21 என்று இருந்தால் அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அது 18 ஆகத் திருத்தப்பட்டது 2019இல், தானாக வாக்காளர் பதிவாவதோடு சேர்ந்து நடப்புக்கு வந்தது 2021 டிசம்பரில். ஒன்பதாவது அட்டவணையை முடித்ததும், உங்கள் தோட்டத்தில் இப்போது இழுபறியில் இருக்கும் ஒரு விவகாரத்தை எடுத்து, அது எந்தப் பட்டியல், எந்த அலுவலகம், முடிவு யாரிடம் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். திருத்தித் தருகிறேன்.