சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: 15,300 கிலோமீட்டருக்கு ஏன் பதினெட்டரை மணி நேரம்?

கேட்டிருப்பது நியாயமான கணக்குதான். தூரம் 15,300 கி.மீ. சொச்சம், விமான வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 17 மணி நேரம் வருகிறது. டிக்கெட்டில் மட்டும் ஏன் பதினெட்டரைக்கு மேல்?

முதலில் சின்ன காரணம். டிக்கெட்டில் இருப்பது ஒரு விமான நிலையத்தின் கேட்டிலிருந்து விமானம் நகர்வதிலிருந்து அடுத்த விமான நிலையத்தின் கேட்டில் நிற்பது வரையான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கியபின் திரும்ப ஊர்வது எல்லாம் அதில் சேரும்.

பெரிய காரணம் பாதை. 15,300 என்பது பூமி உருண்டையில் நூல் பிடித்து அளந்த தூரம். தீர்க்கரேகையில் சிங்கப்பூர் கிழக்கே 104 பாகை, நியூயார்க் மேற்கே 74. கூட்டினால் 178, அதாவது கிட்டத்தட்ட நேர் எதிர்ப்பக்கம். அதனால் நூல் பசிபிக்கைத் தாண்டாது. நேரே வடக்கே ஏறி, சீனா, சைபீரியா வழியாக வட துருவத்தை உரசிவிட்டு கனடா பக்கம் இறங்கும். வீட்டில் உருண்டை இருந்தால் பிடித்துப் பாருங்கள், எனக்கு முதல் தடவை நம்பிக்கை வரவில்லை.

விமானம் அந்த நூலில் போவதில்லை. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓயாமல் ஒரு காற்று அடிக்கிறது, ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் ஜப்பான் மேலே மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு. போகும்போது ஜப்பான் பக்கமாகப் பசிபிக்கைக் கடந்தால் அது முதுகில் தள்ளும். சுற்றுதான், 16,000 கி.மீ.க்கு மேல் ஆகும், ஆனாலும் லாபம். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும் என்பதால் அன்றன்றைய காற்றைப் பார்த்துத்தான் பாதை போடுவார்கள்.

இடையில் நிற்காமல் இவ்வளவு தூரம் பறக்கத்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018 முதல் ஏர்பஸ் ஏ350-இன் நீண்டதூர வகையை ஓட்டுகிறது. 161 இருக்கைகள்தான், எகானமியே கிடையாது. பர்ஸுக்கு அது முக்கியம்!

அப்புறம் தேதி. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் நள்ளிரவு தாண்டி ஏறினால் அதே தேதி விடியற்காலை நியூயார்க்கில் இறங்கலாம், 18 மணி நேரம் உட்கார்ந்தபிறகும். குளிர்காலத்தில் இரண்டு ஊருக்கும் 13 மணி நேர வித்தியாசம், கோடையில் 12. அந்த மிச்சத்தைத் திரும்பும்போது வட்டியோடு பிடுங்கிக்கொள்வார்கள்.

நியூயார்க்கில் அக்கா வீட்டிலிருந்து சனிக்கிழமை ராத்திரி கிளம்பிய நான், ஞாயிறு ராத்திரி சிங்கப்பூர் வீட்டில் சாப்பாடு என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அவர் ரசம் வைத்துக் காத்திருந்த நேரத்தில் நான் பாதி வழிகூடத் தாண்டவில்லை. இறங்கியது திங்கள் காலை ஆறு மணிக்கு, ஒன்பதுக்கு ஆபீஸ். டிக்கெட்டில் வந்துசேரும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் +2, அதாவது இரண்டு நாள் கழித்து, என்று போட்டுத்தான் இருந்தது.