ராமநாதபுரத்திலிருந்து துபாய் எவ்வளவு தூரம்? விமானத்தில் எத்தனை மணி நேரம் ஆகும்?

நேர்கோட்டில் அளந்தால் சுமார் 3,050 கிலோமீட்டர், மதுரையில் ஏறினால் ஒரு நூறு குறையும். பறக்கும் நேரம் நாலு மணி சொச்சம். கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான், ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு ராமநாதபுரம் பக்கத்திலுள்ள எங்கள் கீழக்கரையிலிருந்து யாரும் கிளம்ப முடியாது.

எங்கள் வீட்டில் காக்கா (அண்ணன்) துபாயில், மாமா சிங்கப்பூரில். வரைபடத்தில் பார்த்தால் நம்ம பக்கம் இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது, சிங்கப்பூரும் 2,900 சொச்சம்தான், பறக்கும் நேரமும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் மாமாவுக்கு மட்டும் பகல் முழுக்கப் பிளேனிலேயே போனமாதிரி இருக்குமாம்! துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். காலை 10 மணிக்கு ஏறி நாலு மணி நேரம் பறந்தால் துபாயில் இறங்கும்போது அங்கே 12.30, சிங்கப்பூரில் என்றால் மாலை 4.30. டிக்கெட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம், அதை அப்படியே கழித்துப் பார்த்துவிட்டு "என்னது, ரெண்டரை மணி நேரத்தில் துபாயா" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். துபாயிலிருந்து திரும்பி வரும்போது பொதுவாகக் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடும், ஏனென்றால் உயரத்தில் மேலைக்காற்று பின்னாலிருந்து தள்ளும், குளிர்காலத்தில் அது இன்னும் பலமாக இருக்கும்.

வேறு ஊர்களுக்கும் கணக்கு வேண்டுமானால் கிலோமீட்டரை 800-ஆல் வகுத்து அரை மணி நேரம் கூட்டுங்கள், ஏறி இறங்குவதற்கு அந்த அரை மணி. சென்னை–லண்டன் சுமார் 8,200, அப்போது பத்தே முக்கால் மணி நேரம் வருகிறதா, நிஜமும் அதை ஒட்டித்தான் இருக்கும். தூரம் காட்டும் தளங்களில் அலகை மட்டும் பாருங்கள், துபாய் 1,640 என்று காட்டினால் அது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர், போட்டில் போகிறவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

சரி, உண்மையில் நேரம் போவது தரையில். ராமநாதபுரம் பக்கத்தில் உச்சிப்புளியில் ஓடுதளம் இருக்கிறது, ஆனால் அது கடற்படையுடையது, நமக்கு உதவாது. அதனால் பரமக்குடி, மானாமதுரை வழியாக மதுரை விமான நிலையத்துக்கு இரண்டரை மணி நேரம், அங்கே மூன்று மணி நேரம் முன்கூட்டியே நிற்க வேண்டும், இறங்கிய பிறகு இமிக்ரேஷன், பெட்டி என்று ஒரு மணி நேரம். எல்லாம் சேர்த்தால் நாலு மணி நேரப் பறப்புக்குப் பதினொரு மணி நேரம் போய்விடும், இது நேரடி விமானம் கிடைத்தால். மாறிப் போகும் டிக்கெட் என்றால் நடுவில் காத்திருப்பதைப் பொறுத்து எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கும். விலை குறைவு என்று அதைப் பிடிக்கலாம், இளவயசுக்காரர் தனியாகப் போனால் பரவாயில்லை. உம்மாவை (அம்மாவை) அனுப்புவதாக இருந்தால் நான் அதைத் தொடமாட்டேன். மதுரையில் நேரடியாகக் கிடைக்காத நாளில் காரைக்குடி வழியாகத் திருச்சிக்குப் போய்விடுவேன், சாலையில் ஒரு மணி நேரமோ கூடவோ அதிகம், ஆனால் ஏறினால் துபாயில்தான் இறக்கம்.